விழாக்கால விளக்கலங்காரமும் மின்சாரப் பாதுகாப்பும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கிராமங்களில் விழா என்றால் முதலில் நினைவிற்கு வருவது விளக்கேயாகும். தீபாவளியாயினும், கார்த்திகையாயினும், கிறிஸ்துமஸ் ஆயினும், மகளின் திருமணமாயினும், பேரனின் காதணி விழாவாயினும், வீட்டு வாயிலில் வெளிச்சம் ஏறிய பின்னரே அவ்வீட்டில் விசேஷம் என்பது ஊருக்குத் தெரிகிறது. முற்காலத்தில் அகல் விளக்குகளும், பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் அப்பணியைச் செய்தன. அவற்றிலும் அபாயம் இருந்தது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த அபாயம். சுடரின் வெப்பம் பட்டவுடன் குழந்தை தானே கையை இழுத்துக் கொள்ளும். மின்சாரத்தின் இயல்பு அத்தகையதன்று. மின்சாரம் ஓடும் ஒயரும் ஓடாத ஒயரும் பார்வைக்கு ஒன்றே. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஒலியில்லை. தொட்ட பின்னரே அது தெரிகிறது. தெரிந்த பின்னர் கையை எடுக்க அது விடுவதில்லை.

வீட்டிற்கு ஒயரிங் செய்யும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைக்கிறோம். ஒயரைக் குழாய்க்குள் செலுத்துகிறோம். எர்த் குழி வெட்டி, கரியும் உப்பும் இடுகிறோம். மின்வாரியத்தார் வந்து பார்த்த பின்னரே இணைப்புக் கிடைக்கிறது. ஆனால் பண்டிகைக்கு முதல் நாள் மாலையில் வாசலில் விளக்குக் கட்டும்போது இவற்றுள் ஒன்றேனும் நம் நினைவிற்கு வருவதில்லை. சந்தையில் வாங்கிய சீரியல் செட்டைச் சன்னல் வழியாக வெளியே இழுத்து, இரண்டு ஒயர்களை முறுக்கி, அகப்பட்ட தாளையோ பிளாஸ்டிக் பையையோ சுற்றி, இளைஞர் ஒருவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறார். இரண்டு நாட்களுக்குத்தானே என்பது நம் சமாதானம். இணைப்பு இரண்டு நாட்களுக்குரியதாக இருக்கலாம். அதில் ஓடும் மின்சாரம் ஆண்டு முழுவதும் வீட்டிற்குள் ஓடும் அதே 230 வோல்ட் மின்சாரமேயாகும். அதுவும் சுவருக்குள் அன்று; மழை பெய்யும் வெளியில், குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் ஓடுகிறது.

"இது 5 வாட் விளக்குத்தானே, இதில் என்ன ஷாக் அடித்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வி நியாயமானதாகத் தோன்றும். ஆயினும் அதில் ஒரு பெரும் பிழை அடங்கியிருக்கிறது. வாட் என்பது அவ்விளக்கு எவ்வளவு மின்சாரத்தைச் செலவழிக்கிறது என்பதைக் காட்டும் அளவு. நம் உடலில் எவ்வளவு மின்சாரம் பாயும் என்பதை அது காட்டுவதன்று. அதைத் தீர்மானிப்பவை இரண்டு: ஒன்று மின்னழுத்தம், மற்றொன்று உடலின் தடை. ஒரே பெரிய தொட்டியிலிருந்து தோட்டத்திற்கு ஒரு பெரிய குழாயும், வாசலுக்கு ஊசி போன்ற ஒரு சிறு குழாயும் செல்வதாக வைத்துக்கொள்வோம். சிறு குழாயில் சொட்டுச் சொட்டாகவே நீர் வருகிறது என்பதால் அதன் பின்னால் நிற்கும் தண்ணீரின் அழுத்தம் குறைந்துவிடுவதில்லை. பம்புசெட்டும் கிணறும் உள்ள விவசாயிகளுக்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை.

சீரியல் செட்டின் அமைப்பைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்வது நலம். இதில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஏர்க்கலப்பையில் பூட்டிய மாடுகளைப் போல் அருகருகே அல்ல. ஒரே நூலில் கோத்த மணிகளைப் போல. 230 வோல்ட் அழுத்தத்தை அவை தமக்குள் பங்கிட்டுக் கொள்கின்றன. ஆகவேதான் ஒரு விளக்குப் பழுதானால் அந்தச் சரம் முழுவதும் அணைந்துவிடுகிறது. இங்கேதான் அபாயம் ஒளிந்திருக்கிறது. சரம் அணைந்துவிட்டது, ஆகவே மின்சாரம் இல்லை என்று எண்ணி, பழுதான விளக்கைத் தேடிப் பிடுங்கி, ஒயரைக் கீறிச் சேர்க்க முற்படுகிறோம். உண்மையில் எந்த இடத்தில் தொடர்பு அறுந்ததோ அந்த இடத்தின் இரு முனைகளுக்கிடையே 230 வோல்ட்டும் முழுமையாக நிற்கிறது. எரியும் சரத்தைவிட அணைந்த சரத்தின் அறுந்த முனை கொடியது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சிறுவர்களுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும்.

சுவிட்சை அணைத்துவிட்டுத் தொட்டால் போதாதா என்று கேட்கலாம். இச்சரங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு முள் பிளக்கே இருக்கிறது. அதனை எப்படித் திருப்பியும் செருகலாம். மினுக்கும் விதத்தை மாற்றச் சரத்தில் வைத்திருக்கும் சிறு பெட்டியும், சில ஜங்ஷன் பாக்ஸ்களில் உள்ள சுவிட்சும், பேஸ் ஒயரைத் துண்டிப்பதற்கு மாறாக நியூட்ரலைத் துண்டித்துவிடக் கூடும். அப்போது விளக்கு அணைந்திருக்கும். ஒயரில் மின்சாரம் இருக்கும். ஆகவே விளக்குச் சரத்தைத் தொடுமுன் சுவிட்சை நம்பாமல், பிளக்கையே வெளியில் எடுத்துவிடுவது ஒன்றே உறுதியான வழி. கரண்டு போயிருக்கும் நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்று ஏணியில் ஏறுவதும் கூடாது. கரண்டு எந்த நொடியில் திரும்பும் என்பது யாருக்கும் தெரியாது. இக்காலத்தில் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளும் பல. தெருவே இருண்டிருந்தாலும் அவ்வீட்டின் ஒயர்களில் மின்சாரம் நிற்கும்.

இனி நம் பருவத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தீபாவளியும் கார்த்திகையும் கிறிஸ்துமஸும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களிலேயே வருகின்றன. அதாவது, நாம் மிகுதியாக விளக்குக் கட்டும் காலமே நம் வாசல்கள் மிகுதியாக நனைந்திருக்கும் காலமாகும். மார்கழியில் விடியுமுன் எழுந்து, சாணம் தெளித்து, வெறுங்காலுடன் ஈரத்தரையில் குனிந்து கோலமிடும் தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் தலைக்கு மேல் கதவின் இரும்புக் கிராதியில் சீரியல் செட் சுற்றியிருக்கிறது. இரவு பெய்த மழையில் அதன் ஒட்டு நனைந்திருக்கிறது. உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலில் அத்தடை பெரிதும் குறைந்துவிடும்.

வாயிலில் கட்டும் வாழை மரத்தைப் பற்றி ஒரு சொல். மங்கலத்திற்கு அதைவிட வேறில்லை. ஆனால் வாழைத் தண்டு முழுவதும் நீர். மின்சாரம் செல்ல அது நல்ல வழி. அதன்மேல் விளக்குச் சரத்தைச் சுற்றுவது அழகாக இருப்பினும் விரும்பத்தக்கதன்று. விளக்கை நிறுத்தவோ வாழையை நிறுத்தவோ நாம் கூறவில்லை. இரண்டையும் பிரித்து வையுங்கள் என்றே கூறுகிறோம்.

தகரக் கூரையும் கொடிக்கம்பியும் அதனினும் கொடியவை. மாட்டுக் கொட்டகையின் தகரத்தின்மேல் ஒயரைப் போட்டுக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிடுகிறோம். காற்றில் அது அசைந்து அசைந்து, தகரத்தின் விளிம்பு ஒயரின் மேலுறையை அறுத்துவிடுகிறது. அப்போது தகரம் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். அத்தகரத்தைத் தாங்கும் இரும்புத் தூணிலிருந்து துணி காயவைக்கும் கம்பி ஒன்று வீட்டுச் சுவருக்குச் செல்லும். பண்டிகை முடிந்த மூன்றாம் நாள், விளக்கை மறந்துவிட்ட வேளையில், நனைந்த புடவையைக் கொடியில் போடப் போகும் பெண்மணி அதற்கு இரையாகிறாள். பிடித்து இழுக்க ஓடிவரும் மகனும் உடன் சேர்கிறான். கொட்டகையில் கட்டியிருக்கும் கறவை மாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான்கு கால்களும் ஈர மண்ணில் பதிந்து நிற்கும் வாயில்லாச் சீவன் அது. கொடிக்கு இரும்புக் கம்பியை விடுத்து நைலான் கயிறு கட்டினால் செலவும் குறைவு, அபாயமும் இல்லை.

பியூஸ் இருக்கிறதே, எம்.சி.பி. இருக்கிறதே, அவை காப்பாற்றாவா என்று பலர் நம்பியிருக்கிறார்கள். இந்த நம்பிக்கையைக் கணக்கினால் சோதித்துப் பார்ப்போம். நனைந்த உடலின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க இதில் பாதியும் வேண்டியதில்லை. ஆனால் விளக்குகளுக்கென்று வைத்திருக்கும் எம்.சி.பி. 6 ஆம்பியரைத் தாண்டினால்தான் தன் வேலையைத் தொடங்கும். 0.23 எங்கே, 6 எங்கே! மனிதன் துடித்துக் கொண்டிருக்கும்போது அந்த எம்.சி.பி. ஒரு குறையும் காணாமல் மின்சாரத்தை அனுப்பிக் கொண்டேயிருக்கும். அதனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒயர் தீப்பற்றாமல் காப்பதற்கென்று செய்யப்பட்ட கருவி அது. மனிதனைக் காப்பதற்கென்று செய்யப்பட்ட கருவி வேறு.

அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். பேஸ் வழியாகச் சென்ற மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று அது இடைவிடாது ஒப்பிட்டுக் கொண்டேயிருக்கிறது. மடையில் விட்ட தண்ணீரும் கடைமடையில் வந்து சேர்ந்த தண்ணீரும் ஒன்றாயிருந்தால் வாய்க்காலில் உடைப்பு இல்லை என்பது போல. 30 மில்லி ஆம்பியர் அளவிற்கு வேறுபாடு கண்டால், எங்கோ யார் உடலிலோ மண்ணிலோ மின்சாரம் ஒழுகுகிறது என்று கண்டு, ஒரு நொடியின் சிறு பகுதியில் இணைப்பைத் துண்டித்துவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று அதன்மேல் எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குதல் வேண்டும். 100, 300 என்னும் அளவுகளிலும் அவை கிடைக்கின்றன, அவை உயிர் காப்பதற்கு ஏற்றவை அல்ல. கருவியில் 'டெஸ்ட்' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். விளக்குக் கட்டுமுன் அதனை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியவுடன் விழாவிட்டால் கருவி பழுதென்று பொருள்.

மழை பெய்தால் இது அடிக்கடி விழுகிறது, தொல்லையாக இருக்கிறது என்று சொல்லி, அதனை விலக்கிவிட்டு நேராக மெயினிலிருந்து ஒயர் இழுப்பவர்கள் உண்டு. காவல் நாய் குரைக்கிறதே என்று நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அது விழுகிறதென்றால் ஒழுக்கு இருக்கிறது. நனைந்த சரத்தைக் கழற்றி எறிவதே பரிகாரம்.

வெளியில் கட்டும் விளக்குகளுள் சிறந்தவை, அடாப்டர் வைத்து 12 அல்லது 24 வோல்ட்டில் எரிபவையாம். அடாப்டரை வீட்டிற்குள் வைத்து, அதிலிருந்து வரும் ஒயரை மட்டும் வெளியே கொண்டு சென்றால், குழந்தை பிடித்தாலும் உயிருக்கு அச்சமில்லை. சூரிய ஒளியில் ஏற்றி வைத்து இரவில் எரியும் சரங்களும் இவ்வகையைச் சார்ந்தவையே. 230 வோல்ட் சரத்தைத்தான் கட்ட வேண்டுமென்றால், தர முத்திரையும், வெளியில் பயன்படுத்தத் தக்கது என்ற குறிப்பும் அட்டையில் இருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். ஐ.பி. 44 என்றால் எப்புறத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும், ஐ.பி. 65 என்றால் பீய்ச்சும் நீரையும் தாங்கும், ஐ.பி. 20 என்றால் வீட்டிற்குள் மட்டுமே. ஒட்டுகளையும் பிளக்குகளையும் தரையில் கிடத்தாமல், கூரைக்கடியில் உயரத்தில் வைக்க வேண்டும் என்பதையும், கட்டுக்கம்பியும் ஆணியும் ஒயருக்கு ஆகா என்பதையும் தனியே விரித்துரைக்க வேண்டியதில்லை.

மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. வீட்டு விசேஷம் என்றால் பம்புசெட் கொட்டகையிலிருந்து பந்தலுக்கு ஒயர் இழுப்பதும், அதற்கும் வழியில்லையெனில் தெருக் கம்பியில் கொக்கி போடுவதும் சில ஊர்களில் வழக்கமாக இருக்கின்றன. விவசாயத்திற்கென்று அரசு இலவசமாக வழங்கும் மின்சாரத்தை வேறு காரியத்திற்கு எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி முறையற்ற பயன்பாடாகும். கொக்கி போடுவதோ திருட்டு. அச்சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி மூன்றாண்டுச் சிறைத்தண்டனை வரை செல்லும். ஆனால் சட்டத்தைவிடப் பெரிய தண்டனை வேறு இருக்கிறது. கொக்கி போடுபவர் பெரும்பாலும் பேஸ் கம்பியை மட்டும் மேலிருந்து எடுத்து, நியூட்ரலுக்குப் பதிலாகத் தரையில் ஓர் இரும்புக் கம்பியை அடித்துவிடுகிறார். அல்லது தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுகிறார். அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள ஈர மண்ணும், அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் அண்டை வீட்டாரின் குடமும் அப்போது மின்சாரத்தின் வழியில் நிற்கின்றன. அவ்விணைப்பிற்கு பியூஸும் இல்லை, ஆர்.சி.சி.பி.யும் இல்லை. பெரிய பந்தல் போடுபவர்கள் மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தற்காலிக இணைப்புப் பெறுவதே முறை. ஜெனரேட்டர் வைப்பவர்கள் அதனை வீட்டு ஒயரிங்கோடு நேரே சேர்த்தல் ஆகாது. மாற்றுச் சுவிட்சு இல்லாமல் சேர்த்தால் அம்மின்சாரம் தெருக் கம்பிக்குள் பின்னோக்கிப் பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லயன்மேனின் உயிரைக் குடிக்கும்.

உயரத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. தெருவைக் குறுக்கே கடக்கும் 11,000 வோல்ட் கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டர் உயரத்திற்குக் குறையக் கூடாது என்பது நெடுங்கால விதி. அதாவது சுமார் 20 அடி. விளக்குக் கட்ட நாம் எடுத்துச் செல்லும் இரும்பு ஏணியோ அலுமினிய ஏணியோ நிமிர்த்தினால் அந்த உயரத்தை எட்டிவிடுகிறது. 2025 மார்ச் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில், தேவாலயத் திருவிழா வேலைக்காக இரும்பு ஏணியைக் கொண்டு சென்றபோது அது மேலே சென்ற உயரழுத்தக் கம்பியில் பட்டு நான்கு பேர் உயிரிழந்தனர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் விடியுமுன், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் திருவிழாவில் அலங்கரித்த தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் மாண்டனர். இவை ஊர்த் திருவிழாவில் நேர்ந்தவை. ஆனால் மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கம்பி செல்லும் வீடுகள் எந்த ஊரில் இல்லை? மாடியில் நின்று நட்சத்திர விளக்கு கட்டிய இரும்புக் குழாயை நிமிர்த்துபவருக்கும் அதே 11,000 வோல்ட்டே காத்திருக்கிறது. ஏணியைத் தூக்கும்போது எப்போதும் படுக்க வைத்தே கொண்டு செல்ல வேண்டும். கம்பி செல்லும் பக்கத்தில் ஏணி வைக்கவே கூடாது. விளக்குச் சரத்தை மின்கம்பிக்கு மேலாக வீசித் தெருவின் மறுபுறம் கொண்டு செல்லும் வேலையை எந்த மைக் செட்காரர் செய்ய முன்வந்தாலும் ஊரார் தடுத்தல் வேண்டும்.

தவறி விபத்து நேர்ந்துவிட்டால், விழுந்தவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். வீட்டு மின்சாரமாயின், மெயின் அகப்படாதபோது உலர்ந்த மரப்பலகையின்மேல் நின்று, உலர்ந்த கட்டையால் அவரை விலக்கலாம். உயரழுத்தக் கம்பியாயின் கட்டையும் காப்பாற்றாது. விலகி நின்று, அருகில் யாரையும் வரவிடாமல், மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மின்னகத்தின் எண் 94987 94987. இரவும் பகலும் எடுப்பார்கள். மின்சாரத்திலிருந்து விலக்கியவருக்கு மூச்சில்லையெனில், 108-ஐ அழைத்துக்கொண்டே மார்பின் நடுவே இரு கைகளாலும் அழுத்த வேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, வண்டி வரும்வரை. மண்ணில் புதைத்து வைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்பது வீண் நம்பிக்கை; அதில் கழியும் நிமிடங்களே உயிரைக் கொண்டு போகின்றன.

இதில் பஞ்சாயத்து செய்யக்கூடியது என்ன? அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. மழைக்கும் தீபாவளிக்கும் முன்னர் வரும் நாள் அது. இப்பொருளை எடுப்பதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தாழ்ந்து தொங்கும் கம்பிகள், சாய்ந்த கம்பங்கள், வீட்டு மாடியை உரசும் இடங்கள் ஆகியவற்றை வார்டு உறுப்பினர்கள் தத்தம் தெருவில் நடந்து பார்த்து எழுதி வந்து, தீர்மானமாக்கி, மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு அனுப்பலாம். வாய்மொழியாகச் சொன்னது காற்றோடு போகும். தீர்மான எண்ணோடு சென்ற கடிதத்திற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

ஆர்.சி.சி.பி. வாங்க வசதியில்லாத குடும்பங்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. விளக்குக் கட்டும் ஆசை அவர்களுக்கும் உண்டு, குழந்தைகளும் உண்டு. ஆகவே நாம் ஒன்று கூறுகிறோம். ஓர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, மூன்று முள் சாக்கெட்டுகள் நான்கு, எர்த்துடன் கூடிய மூன்று கோர் ஒயர் ஆகியவற்றை மழை புகாத ஒரு பெட்டியில் பொருத்தித் தரும்படி உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் சொன்னால் செய்து தருவார். அத்தகைய பெட்டிகள் இரண்டோ மூன்றோ செய்து, மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பில் வைக்கலாம். பாத்திரமும் சமுக்காளமும் இரவல் வாங்குவதைப் போல, விசேஷ வீட்டார் அதனை வாங்கிச் செல்லட்டும். கொடுக்கும்போது ஒரு முறையும், திரும்பப் பெறும்போது ஒரு முறையும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்து, நாளும் பெயரும் ஒரு நோட்டில் குறித்துவிட வேண்டும். விழாத பெட்டியை அன்றே ஒயர்மேனிடம் அனுப்பிவிட வேண்டும். பண்டிகை நெருக்கத்தில் அடுத்த வீட்டாருக்கு அதனைக் கொடுத்துவிடக் கூடாது.